பியானோ மேல் நிற்கும் காளையில் மாவோரி எங்கே இருக்கிறது?

கேள்வி இதுதான்: மைக்கேல் பாரேகோஃபை நியூசிலாந்தின் முக்கியமான மாவோரிச் சிற்பி, அதாவது அந்நாட்டின் பூர்வகுடிகளைச் சேர்ந்தவர், என்கிறார்கள். ஆனால் அவர் படைப்புகளைத் தேடிப் பார்த்தால் பியானோ மேல் ஏறி நிற்கும் காளை, தலைகீழாக நிற்கும் யானை, காற்றடைத்த பெரிய முயல், செக்யூரிட்டி கார்டுகள் என்றுதான் வருகிறது. நாக்கை நீட்டிக்கொண்டு, கண்ணில் சிப்பி பதித்து, மரத்தில் செதுக்கிய உருவங்களைக் காணோம். இதில் மாவோரி எது?

நியாயமான கேள்வி. ஆக்லாந்தில் இருந்த வருடங்களில் எனக்கும் இதே சந்தேகம் வந்தது. ஒவ்வொன்றாகப் பார்க்கப் பார்க்கத்தான் பிடி கிடைத்தது. ஒரே சொல்லில் பதில் கேட்டால், மொழிபெயர்ப்பு என்பேன். இரண்டு மக்களுக்கு நடுவே ஒரு சொல்லோ பொருளோ கைமாறும்போது எது தொலைகிறது, எது புதிதாக ஒட்டிக்கொள்கிறது, யார் ஏமாறுகிறார்கள் என்பதை முப்பது வருடத்துக்கும் மேலாக அவர் சிற்பமாகச் செய்துவருகிறார்.

முதலில் பெயர். மாவோரி மொழியை ரோமன் எழுத்தில் எழுதும்போது 'டபிள்யூ எச்' சேர்ந்து வந்தால் பெரும்பாலும் 'ஃப' என்று சொல்ல வேண்டும். அதனால் பாரேகோஃபை. 1968-ல், வெலிங்டனுக்குப் பக்கத்தில் இருக்கும் போரிருவாவில் பிறந்தவர். தந்தை வழியில் மாவோரி, தாய் பாக்கெஹா, அதாவது வெள்ளையர் வழி. ஆக்லாந்து பல்கலைக்கழகத்தின் ஈலம் கலைப் பள்ளியில் படித்தார், பள்ளி ஓவிய ஆசிரியராகவும் பயிற்சி எடுத்தார், பின்னாளில் அதே ஈலத்தில் பேராசிரியரானார். அந்த ஆசிரியப் பயிற்சியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் சிற்பங்களில் பாதிக்கு மேல் பார்ப்பதற்கு வகுப்பறைச் சாமான்கள் போலவோ விளையாட்டுச் சாமான்கள் போலவோ இருக்கும்.

நீங்கள் தேடிய அந்த மரச் செதுக்கலைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மாவோரிகளின் மராயே வளாகத்தில் ஃபரேநுயி என்று ஒரு பெரிய வீடு இருக்கும். ஊர் கூடுவதும், விருந்தினர் தங்குவதும், இறந்தவர்களுக்கு அழுவதும் அங்கேதான். பல ஊர்களில் அந்த வீடே ஒரு மூதாதையரின் உடல். கூரையின் நடு உத்தரம் முதுகெலும்பு, சாய்ந்து இறங்கும் சட்டங்கள் விலா எலும்புகள், முகப்பில் இரண்டு பக்கமும் சரியும் பலகைகள் விரித்த கைகள். உள்ளே சுவரோரம் நிற்கும் செதுக்கிய உருவங்கள் ஒவ்வொன்றும் பெயருள்ள ஆள், யாரோ ஒருவருக்குப் பாட்டன். ஆக, அங்கே சிற்பம் என்பது குடும்பத்தின் பதிவேடு.

பாரேகோஃபை வளர்ந்த காலத்தில் அந்தக் குடும்பங்கள் பெருமளவில் நகரத்துக்கு வந்துவிட்டன. 1945-ல் மாவோரிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர்தான் நகரவாசி. 1980-களில் ஐந்தில் நான்கு பேர். தொழிற்சாலை வேலை, அரசு வீடு, பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் மட்டும். முந்தைய தலைமுறைகள் மாவோரி பேசியதற்காகப் பள்ளியில் அடி வாங்கியவை. மூத்தவர்களில் பலர் தங்கள் பிள்ளைகளுக்கு மொழியைச் சொல்லித் தராமல் விட்டதற்கு அந்த அடியும் ஒரு காரணம். இப்படி வளர்ந்த ஒருவன் குடும்பப் பதிவேட்டை எதில் செதுக்குவான்? கண்முன் இருந்த சாமான்களில்தான்.

1990-ல், மாவோரித் தலைவர்களும் பிரிட்டிஷ் அரசும் செய்துகொண்ட வைத்தாங்கி ஒப்பந்தத்தின் 150-வது ஆண்டில், ஆக்லாந்தின் ஆர்ட்ஸ்பேஸ் கலைக்கூடத்தில் இளம் மாவோரிக் கலைஞர்களின் கண்காட்சி ஒன்று நடந்தது. பாரேகோஃபை அங்கே ஆளுயரத்துக்குப் பெரிய வெள்ளை எழுத்துகளை நிறுத்தினார். 'ஐ ஆம் ஹீ'. நியூசிலாந்தின் மிகப் பெரிய ஓவியராக மதிக்கப்படும் காலின் மக்காஹன் தன் கேன்வாஸ்களில் 'ஐ ஆம்' என்று பிரம்மாண்டமாக எழுதியவர். பைபிளில் கடவுள் தன்னை அறிவித்துக்கொள்ளும் வாசகம் அது. அதன் பின்னால் பாரேகோஃபை 'எச் ஈ' என்று இரண்டு எழுத்தைச் சேர்த்தார். ஆங்கிலத்தில் படித்தால் 'நானே அவன்'. மாவோரியில் அதே இரண்டு எழுத்து 'ஹே'. பொருள் 'ஒரு' அல்லது 'சில'. சிற்பத்தின் தலைப்பும் 'தி இன்டெஃபினிட் ஆர்ட்டிகிள்', ஆங்கில இலக்கணத்தில் அந்த வகைச் சொல்லுக்கு உள்ள பெயர்தான். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்குக் கடவுளின் குரல் கேட்கிறது, மாவோரி தெரிந்தவருக்கு 'நான் ஒரு...' என்று முடியாமல் நிற்கும் வாக்கியம் கேட்கிறது. ஒரே எழுத்தின் முன்னால் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று வேறு வேறு விஷயத்தைப் படிக்கிறார்கள்.

1840-ல் நடந்ததும் இதுதான். பிப்ரவரி 4-ம் தேதி இரவு, ஹென்றி வில்லியம்ஸ் என்ற பாதிரியாரும் அவர் மகனும் ஒப்பந்தத்தை ஒரே இரவில் மாவோரிக்கு மொழிபெயர்த்தார்கள். 6-ம் தேதி வைத்தாங்கியில் கையெழுத்து. ஆங்கிலப் பிரதி, தலைவர்கள் தங்கள் இறையாண்மையை அரசிக்கு விட்டுக்கொடுப்பதாகச் சொல்கிறது. மாவோரிப் பிரதியில் அந்த இடத்தில் இருக்கும் சொல் 'காவனதங்க'. 'கவர்னர்' என்பதிலிருந்து உருவாக்கிய சொல், நிர்வாகம் என்ற அளவில்தான் புரியும். அதே பிரதியின் அடுத்த பிரிவு 'தினோ ரங்கதிரதங்க' அவர்களுக்கே என்று உறுதி சொல்கிறது, அதாவது முழுத் தலைமை. அந்த ஆண்டில் கையெழுத்திட்ட ஐந்நூறுக்கும் மேற்பட்ட தலைவர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் மாவோரிப் பிரதியில்தான் கையெழுத்திட்டார்கள். பிறகு நிலம் போனது, போர் வந்தது. 'ஹே' என்ற இரண்டெழுத்து எவ்வளவு பெரிய விஷயம் என்பது இந்தக் கதை தெரிந்தவருக்கு உடனே உறைக்கும்.

அதே காலத்தில் அவர் செய்த இன்னொன்று 'ஆதாரங்கி'. வகுப்பில் கணக்கு சொல்லித்தரப் பயன்படும் வண்ணக் குச்சிகளைப் பெரிய பெரிய கட்டைகளாகச் செய்து அடுக்கியிருப்பார். முதல் பார்வைக்குச் சின்னப் பிள்ளை விளையாட்டு. ஆனால் 1970-களின் பிற்பகுதியில், மொழியைத் தொலைத்த பெரியவர்களுக்கு மாவோரி கற்றுக்கொடுக்க 'தே ஆதாரங்கி' என்ற முறையை உருவாக்கியவர்கள் கையில் எடுத்ததும் இதே வண்ணக் குச்சிகள்தான். குச்சியைக் கையில் கொடுத்து 'இது சிவப்பு, இதை எடு, அவருக்குக் கொடு' என்று புத்தகம் இல்லாமல், பேசியே பழக்குவது. தன் தாத்தா பேசிய மொழியை நாற்பது வயதில் பிளாஸ்டிக் குச்சியை வைத்துக் கற்றுக்கொள்ளும் ஒருவரை நினைத்துக்கொண்டு அந்தக் கட்டைகளைப் பாருங்கள்.

1994-ல் செய்த 'கிஸ் தி பேபி குட்பை' பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போகிறேன். கோர்டன் வால்டர்ஸ் என்ற வெள்ளை ஓவியர், மாவோரிகளின் கோரு சுருளைக் கறாரான கோடும் வட்டமுமாக மாற்றி ஓவியங்கள் வரைந்து பெயர் பெற்றார். 'எங்கள் வடிவத்தை யாரைக் கேட்டு எடுத்தார்?' என்ற சண்டை 1990-களின் தொடக்கத்தில் பெரிதாக எழுந்தது. பாரேகோஃபை அவருடைய ஓவியம் ஒன்றை எஃகில், பிய்த்து ஒட்டி விளையாடும் பிளாஸ்டிக் மாடல் கிட் போலச் செய்து நிறுத்தினார். எடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டார் என்றும் படிக்கலாம், வால்டர்ஸுக்கு மரியாதை செய்தார் என்றும் படிக்கலாம். இரண்டும் சேர்ந்ததுதான் என்பது என் கருத்து.

சரி, செக்யூரிட்டி கார்டுகளுக்கு வருவோம். அவர் செய்ததில் என்னை அதிகம் பாதித்தது இதுதான்.

'கபா ஹாக்கா', 2003. ஃபைபர்கிளாஸில் செய்த, ஆளளவு உயரமான பதினைந்து காவலாளிகள். எல்லோருக்கும் ஒரே முகம். சீருடை, மார்புக்குக் குறுக்கே கட்டிய கை, சற்று அகட்டி வைத்த கால், நேராகப் பார்க்கும் கண். முகமும் உடலும் பாரேகோஃபையின் சொந்த அண்ணனை வைத்துச் செய்தவை. நியூசிலாந்தில் எந்த ஷாப்பிங் மாலுக்கோ வங்கிக்கோ போனாலும் வாசலில் நிற்பவர் பெரும்பாலும் மாவோரியாகவோ பசிபிக் தீவுக்காரராகவோ இருப்பார். நாம் அவரைப் பார்க்காமலே தாண்டிப் போவோம். கலைக்கூடத்திலும் அப்படித்தான், கண் ஓவியத்தின் மேல் இருக்கும், காவலாளி மேல் இருக்காது. இங்கே ஓவியம் இருக்க வேண்டிய இடத்தில் காவலாளி நிற்கிறார்.

தலைப்பைப் பாருங்கள். 'கபா ஹாக்கா' என்றால் மாவோரிகளின் குழு நடனம். சுற்றுலாப் பயணிகளுக்கு ஆடிக் காட்டுவதும் அதுதான். சொல்லைப் பிரித்தால் கபா என்பது வரிசை, ஹாக்கா என்பது ஆட்டம். இவர்கள் வரிசையாக நிற்கிறார்கள், ஆட மறுக்கிறார்கள். உங்களை மகிழ்விக்க எதுவும் செய்யப்போவதில்லை என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஃபரேநுயியின் சுவரோரம் நிற்கும் மூதாதையர் உருவங்களைச் சொன்னேன் இல்லையா? ஒரு கூடத்துக்குள் வரிசையாக, ஒரே குடும்ப முகத்தோடு, வருகிறவரை அளந்து பார்த்தபடி நிற்கும் உருவங்கள். நீங்கள் தேடிய மரச் செதுக்கல் இங்கே சீருடை போட்டு நிற்கிறது.

இதற்கு முன்பு, 1996-ல், கோட்டு சூட்டு போட்ட ஒரு மாவோரி ஆள் பொம்மை செய்திருந்தார். சட்டையில் ஒரு பெயர்ப்பட்டை: 'ஹலோ, என் பெயர் ஹோரி'. 'ஜார்ஜ்' என்ற பெயர் மாவோரி நாவில் 'ஹோரி' ஆனது. பிறகு வெள்ளையர்கள் அதையே மாவோரிகளைக் கேவலமாகக் குறிக்கும் பொதுப் பெயராக்கிவிட்டார்கள். வசவையே விசிட்டிங் கார்டு மாதிரி குத்திக்கொண்டு, நல்ல உடுப்பில், மரியாதையாக நிற்கிறார் அந்த மனிதர். அவர் முன்னால் நின்றால் நமக்குத்தான் கூச்சம் வரும்.

கிடார்களை விடக்கூடாது, அதில் நமக்கு ஒரு சின்னத் தொடர்பும் உண்டு. 1967-ல் எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க் பாடிய 'டென் கிடார்ஸ்', ஓர் இசைத்தட்டின் பின்பக்கத்தில் வந்த பாட்டு. மற்ற நாடுகள் அதைக் கவனிக்கவே இல்லை. நியூசிலாந்தில் மட்டும், குறிப்பாக மாவோரிக் குடும்பங்களில், கல்யாணம், பார்ட்டி, செம்மறி ரோமம் வெட்டும் கொட்டகை என்று எங்கும் பரவி ஏறக்குறைய தேசிய கீதம் ஆகிவிட்டது. பாடியவர் பிறந்தது நம் சென்னையில், 1936-ல். பாரேகோஃபை 1999-ல் ஒரு கிடார் தச்சரோடு சேர்ந்து உண்மையாகவே பத்து கிடார்கள் செய்தார். ஃபரேநுயியின் கூரைச் சட்டங்களில் தீட்டும் கோஃபைஃபை கோலத்தை, நீலமும் பச்சையுமாக மின்னும் பாவா சிப்பியில் இழைத்துப் பதித்திருந்தார். வாசிக்க முடிந்த கிடார்கள், வாசிக்கவும் பட்டன. எங்கிருந்தோ வந்த பாட்டைத் தங்கள் வீட்டுப் பாட்டாக்கிக்கொண்ட பெற்றோர் தலைமுறைக்கு அவர் செய்த மரியாதை அது.

இப்போது அந்தக் காளை. 2011-ல் வெனிஸ் பியனாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சிக்கு நியூசிலாந்தின் சார்பில் பாரேகோஃபை போனார். கிராண்ட் கால்வாய்க் கரையில் ஒரு பழைய மாளிகை. அங்கே வெண்கலத்தில் வார்த்த இரண்டு பியானோக்கள், அவற்றின் மேல் வெண்கலக் காளைகள், ஒன்று நின்றபடி, ஒன்று படுத்தபடி. வாசிக்கும் ஸ்டூலில் உட்கார்ந்தால் நிற்கும் காளையின் மூஞ்சி உங்கள் முகத்துக்கு நேரே. அவர் அண்ணனின் முகத்தோடு ஒரு காவலாளியும் உண்டு.

கண்காட்சிக்கு வைத்த பெயர் 'ஆன் ஃபர்ஸ்ட் லுக்கிங் இன்டு சாப்மன்ஸ் ஹோமர்'. ஆங்கிலக் கவிஞர் கீட்ஸின் ஒரு சானட்டிலிருந்து, அதாவது பதினான்கு வரிக் கவிதையிலிருந்து, வந்தது. கீட்ஸுக்குக் கிரேக்கம் தெரியாது. சாப்மன் என்பவரின் ஆங்கில மொழிபெயர்ப்பில் ஹோமரைப் படித்து மிரண்டுபோய் 1816-ல் எழுதியது. பனாமாவின் டேரியன் மலை உச்சியில் நின்று பசிபிக் கடலை முதன்முதலில் கண்ட ஐரோப்பியர் போல வாயடைத்துப்போனேன் என்று அது முடியும். முதன்முதலில் என்று அவர் சொன்ன அந்தக் கடலில் பாரேகோஃபையின் முன்னோர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஓடம் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். மொழிபெயர்ப்பில் படித்தவனின் பரவசம், 'கண்டுபிடித்தவன்' என்ற மமதை, இரண்டும் அந்தத் தலைப்பில் இருக்கின்றன. பசிபிக்கிலிருந்து போன ஒருவர் அதை ஐரோப்பாவின் நடுவீட்டில் மாட்டிவைத்தார்.

காளைகள்தான் புகைப்படங்களில் அதிகம் வரும். ஆனால் அந்தக் கண்காட்சியின் உயிர் இன்னொரு பியானோவில் இருந்தது. அது நிஜமான ஸ்டெய்ன்வே கச்சேரி பியானோ. பக்கங்கள், மூடி, கால்கள் என்று மாவோரிச் செதுக்கல் அடர்ந்து, முழுக்கச் சிவப்பு மெருகு. கண்காட்சி நடந்த நாட்களில் கலைஞர்கள் வந்து அதை வாசித்தார்கள். பொருள்களைவிட அதிலிருந்து வரும் இசைதான் முக்கியம், சிற்பத்தால் முடியாதபடி ஓர் அறையை இசையால் நிரப்ப முடியும் என்பது பாரேகோஃபையின் எண்ணம். மராயேவில் விருந்தினரை வரவேற்பதும் குரலால்தான். வாசலில் ஒரு பெண் ராகமாகக் கூப்பிட்ட பிறகே உள்ளே கால் வைக்க வேண்டும். சிவப்பு பியானோ அந்த வேலையைச் செய்தது.

அந்தப் பியானோவுக்கு இரண்டு மொழியில் பெயர். ஆங்கிலப் பாதி, 'ஒரு நியூசிலாந்து ஆற்றின் கதை', 1920-ல் வந்த ஒரு நாவலின் தலைப்பு. அதில் வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி பியானோவோடு ஆற்று வழியே காட்டுப் பக்கம் குடிபோகிறாள். மாவோரிப் பாதியில் 'கதை' என்ற இடத்தில் இருக்கும் சொல் 'பூராகாவ்', பரம்பரை பரம்பரையாக வாய்வழி வரும் தொல்கதை. குடியேறியவர்கள் கப்பலில் கொண்டுவந்த நாகரிகச் சின்னத்தின் மேல், ஆற்றுக்குச் சொந்தக்காரர்கள் தங்கள் பதிவேட்டைச் செதுக்கிவிட்டார்கள். வெலிங்டனில் இருக்கும் தேசிய அருங்காட்சியகமான தே பாபா அதே ஆண்டு 15 லட்சம் நியூசிலாந்து டாலர் கொடுத்து அதை வாங்கியது.

தமிழர்களுக்கு தே பாபா என்றதும் வேறொன்று ஞாபகம் வரும். 'முகைய்யதீன் வக்குசு உடைய கபல் உடைய மணி' என்று தமிழில் பொறித்த வெண்கல மணியின் உடைந்த பகுதி அங்கேதான் இருக்கிறது. 1836-வாக்கில் வில்லியம் கொலென்சோ என்ற மிஷனரி அதைப் பார்த்தபோது மாவோரிப் பெண்கள் அதில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். எப்படி அங்கே போனது என்பது இன்றுவரை தெளிவில்லை. எனக்குப் பிடித்தது அந்தக் கிழங்குதான். கரை ஒதுங்கிய கப்பல் மணி அவர்கள் அடுப்பில் பாத்திரமாகி இன்னொரு வாழ்க்கை வாழ்ந்திருக்கிறது. சிவப்பு பியானோவும் அந்த வழியில் வந்ததுதான்.

காளைகள் ஊர் திரும்பியபோது நடந்ததையும் சொல்ல வேண்டும். 2011 பிப்ரவரி 22-ல் கிறைஸ்ட்சர்ச் நிலநடுக்கத்தில் 185 பேர் இறந்தார்கள். அதில் 115 பேர் மெட்ராஸ் தெருவில் இடிந்த ஒரே கட்டடத்தில். (ஆமாம், மெட்ராஸ் தெருதான். அந்த நகரத்தின் தெருக்களுக்கு ஆங்கிலிகன் மறைமாவட்டங்களின் பெயர் வைத்தார்கள், கொழும்புத் தெருவும் உண்டு.) 2012-ல் அதே மெட்ராஸ் தெருவில், கட்டடம் போய் வெறும் தரையாகக் கிடந்த மனையில் காளைகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். எல்லாம் சரிந்த ஊரில் ஒரு காளை நான்கு காலில் நிமிர்ந்து நின்றது. மக்கள் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து அதைக் கண்ணோடு கண் பார்த்தார்கள். பிறகு ஊரே காசு போட்டு நிற்கும் காளையை கிறைஸ்ட்சர்ச் ஆர்ட் கேலரிக்கு வாங்கியது. கீட்ஸையும் டேரியனையும் அங்கே எத்தனை பேர் நினைத்திருப்பார்கள்? அந்த நேரத்தில் அது தேவைப்படவும் இல்லை.

பிரிஸ்பேனில் தலைகீழாக நிற்கும் அந்த வெண்கல யானையை நான் கடந்துபோகிறேன். பெரியது, கைத்திறன் சிறப்பு, ஆனால் காவலாளிகள் முன்னால் நின்றபோது வந்த கலக்கம் எனக்கு அங்கே வரவில்லை.

கலக்கம் வேண்டுமென்றால் ஆக்லாந்தின் குவீன்ஸ் வார்ஃப் முனைக்குப் போக வேண்டும். 2017-ல் திறந்த 'தி லைட்ஹவுஸ்', மாவோரியில் 'தூ ஃபெனுவா ஆ குரா'. கடலைப் பார்த்தபடி இரண்டு மாடி வீடு, 1950-களின் அரசு வீட்டின் முழு அளவு நகல். உள்ளே போக முடியாது, ஜன்னல் வழியாகத்தான் பார்க்க வேண்டும். நான் இருட்டும் நேரத்தில் போனேன். சுவர்களில் நியான் குழாய்கள், தெற்கு வானத்தின் நட்சத்திரக் கூட்டங்கள். நடுவில் கண்ணாடி போலப் பளபளக்கும் எஃகில் கேப்டன் குக். மனித அளவைவிடப் பெரியவர். சிற்பிகள் வேலை செய்யும் மேசை மேல் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, தலை தாழ்ந்து, யோசனையில் உட்கார்ந்திருக்கிறார். வெற்றிவீரனின் தோரணை துளியும் இல்லை. ஜன்னலை ஒட்டி நின்றால் அவர் உடம்பில் நியான் நிறங்கள் நெளிவது தெரியும்.

1769 அக்டோபரில் பிரிட்டிஷ் கடலோடியான குக் நியூசிலாந்தில் கரையிறங்கிய சில நாட்களில் அவர் ஆட்களின் துப்பாக்கிக்கு ஒன்பது மாவோரிகள் பலியானார்கள் அல்லது காயப்பட்டார்கள். முதலில் விழுந்தவர் தே மாரோ. கப்பலில் தாஹித்தியில் ஏறிய துபாயா இருந்தார், அவர் பேச்சு மாவோரிகளுக்குப் புரிந்தது. மொழிபெயர்ப்பாளர் இருந்தும் ரத்தம் சிந்தியது. 2019-ல்தான் பிரிட்டன் அந்தச் சாவுகளுக்கு வருத்தம் தெரிவித்தது. பாரேகோஃபை அந்த குக்கை, ஆரம்ப ஆண்டுகளில் மாவோரிகளுக்கு அரிதாகவே கிடைத்த அரசு வீட்டுக்குள், அவர் வழிகாட்டியாகப் பார்த்துவந்த அதே நட்சத்திரங்களின் கீழ் உட்கார வைத்தார். அவரைத் திட்டவில்லை, உடைக்கவில்லை. வீட்டுக்குள் வைத்துப் பூட்டி யோசிக்கவிட்டார்.

எதிர்ப்பு பலமாக இருந்தது. பார்ஃபுட் அண்ட் தாம்ப்சன் என்ற ரியல் எஸ்டேட் நிறுவனம் பத்து லட்சம் டாலர் நன்கொடை கொடுத்து நகரத்துக்குச் செய்துதந்த சிற்பம் அது. வீட்டு விலை எகிறி, மக்கள் காரில் தூங்கிய காலம். 2016-ல் ஆக்லாந்தின் மாங்கெரேயில் இருக்கும் தே புயேயா மராயே வீடில்லாதவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டிருந்தது. அந்த நேரத்தில் யாரும் குடியிருக்க முடியாத வீட்டுக்கு இவ்வளவு பணமா என்று கேட்டார்கள். அந்தக் கோபம் முழுக்க நியாயமானது. ஆனால் அந்தச் சிற்பத்தால்தான் கேள்வி துறைமுகத்தின் நடுவில் வந்து நின்றது என்றும் நினைக்கிறேன். வெளியே குளிரில் நின்று, வெளிச்சமான வீட்டை ஜன்னல் வழியாகப் பார்க்கும்போது, உள்ளே இருப்பது யார், வெளியே நிற்பது யார் என்று தோன்றாமல் இருக்காது.

நேரில் பார்க்க வாய்ப்பு கிடைத்தால் குவீன்ஸ் வார்ஃபுக்கு இருட்டிய பிறகு போங்கள், பகலில் பாதிதான் தெரியும். வெலிங்டன் போனால், சிவப்பு பியானோ அப்போது காட்சியில் இருக்கிறதா, யாராவது வாசிக்கும் நாள் உண்டா என்று தே பாபாவில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். வாசிக்கும்போது அறையின் கடைசிச் சுவரோரம் நின்று கேளுங்கள்.